கல்லூரியில் பேசிய பாண்டி பஜார் பேரம்

எனக்குப் பேரம் பேசத் தெரியும் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையால், என் மகளுக்குக் கிடைத்த கல்லூரி இடத்தை அவள் கையாலேயே வேண்டாமென்று எழுதிக் கொடுக்க வைத்தேன். நடந்தது 2001 ஏப்ரல் கடைசியில், டெக்சாஸில், ஒரு சிறிய தனியார் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்தில். அன்றைக்குக் கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ எல்லாம் அணிந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முட்டாள்தனம் செய்யும்போது நன்றாக உடுத்திக்கொள்வது என் வழக்கம்.

அப்போது நாங்கள் டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் இருந்தோம். டெலிபோன் சாதனம் செய்யும் நிறுவனங்கள் சாலையின் இருபுறமும் வரிசையாக நிற்கும் ஊர். அவற்றில் ஒன்றில் நான் எஞ்சினியர். எஞ்சினியராக இருந்தேன் என்று சொல்வதே சரி. அந்த வருடம் பிப்ரவரியில் ஒரு காலை, எங்கள் தளத்தில் இருந்தவர்களில் பாதிப் பேரை ஓர் அறைக்கும் மீதிப் பேரை வேறோர் அறைக்கும் கூப்பிட்டார்கள். நான் போன அறையில் டோனட் வைத்திருந்தார்கள். நல்ல சகுனம் என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கடித்தபோதுதான் வேலை போன செய்தியைச் சொன்னார்கள். வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றது நினைவிருக்கிறது.

விஷயம் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். எனக்கு, மனைவிக்கு, மகளுக்கு. நான்காவது ஆளின் காதுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். ஆளுக்கொரு பண்டம் சமைத்துக்கொண்டு வரும் சனிக்கிழமை பாட்லக் விருந்துகளில் யாராவது விசாரித்தால், "கன்சல்டிங் பண்றேன்" என்பேன். ஒருமுறை அப்படிச் சொன்னதும் எதிரே இருந்த நண்பர், "அப்படியா? நானும் இப்ப கன்சல்டிங்தான்" என்றார். இரண்டு பேரும் ஒரு கணம் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். பிறகு மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் புளியோதரையைப் பற்றிப் பேசினோம்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். தமிழ் முழுக்கப் புரியும், பதில் பாதி ஆங்கிலத்தில் வரும். அவளுக்குக் கல் பைத்தியம். எந்த ஊருக்குச் சுற்றுலா போனாலும் திரும்பி வரும்போது எங்கள் காரின் பின்பக்கம் தரையைத் தொடும். எங்கள் பாட்லக் வட்டாரத்தில் பிள்ளைகள் மருத்துவம் அல்லது கம்ப்யூட்டர் படிப்பார்கள். மிகவும் வழி தவறிய பிள்ளைகள் பிசினஸ் படிப்பார்கள். என் மகள் ஜியாலஜி படிக்கப் போவதாகச் சொன்னபோது, கல்லைப் பற்றி நான்கு வருடம் படிக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். இரண்டு மணி நேரம் கழித்து நானே, போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊரிலிருந்து காரில் அரை நாள் தூரத்தில் அந்தக் கல்லூரி இருந்தது. சின்ன இடம். முதல் வருட மாணவர்களையே கோடையில் பாலைவனத்துக்கு அழைத்துப் போய்ப் பாறைகளுக்கு நடுவே கூடாரம் போட்டுப் பாடம் நடத்தும் பேராசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மகளுக்கு வேறு கல்லூரியின் பெயரே காதில் ஏறவில்லை. மார்ச்சில் இடம் கிடைத்தது. வீட்டுக்குள் நடனமே ஆடினாள். கூடவே உதவித்தொகை எவ்வளவு என்ற விவரமும் வந்தது. அவர்கள் கணக்குப் போட்டது எனக்கு வேலை இருந்த முந்தைய வருடத்து வருமானத்தை வைத்து. அந்தக் கணக்கின்படி நான் வசதியான மனிதன். நாங்கள் கட்ட வேண்டிய பங்கு, மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வாங்கிய சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது. அதை மகளும் வாசித்தாள். நடனம் நின்றுவிட்டது.

குடும்ப நிலைமை மாறியிருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம், நேரிலும் வரலாம் என்று ஒரு வரி அந்தக் கடிதத்தின் கடைசியில் இருந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "நேராப் போய் வேலை போயிருச்சுன்னு சொல்லிப் போடுங்க. அதுக்குத்தானே கேக்கறாங்க?" என்றாள்.

"உனக்குத் தெரியாது. வேலையில்லாதவன்னு தெரிஞ்சா, ஃபீஸ் கட்ட மாட்டான்னு சீட்டையே பிடுங்கிடுவான்" என்றேன்.

நான் அந்த வரியைப் படித்த விதமே வேறு. விலையில் பேரத்துக்கு இடமுண்டு என்று கடைக்காரரே போர்டு மாட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வளர்ந்தது சென்னை தி.நகரில், பாண்டி பஜாருக்கு நடந்து போகும் தூரத்தில். கல்லூரி நாட்களில் சட்டைத் துணி, செருப்பு, குடை எதுவானாலும் நண்பர்கள் என்னைத்தான் துணைக்குக் கூட்டிப் போவார்கள். என் முறை எளிது. பொருளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சலிப்பைக் கொண்டுவர வேண்டும். நமக்கு அது தேவை என்பதோ, பையில் காசு குறைவு என்பதோ வெளியே தெரியவே கூடாது. பக்கத்துக் கடையில் விலை குறைவு என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் இறங்கி வராவிட்டால் எழுந்து நடையைக் கட்ட வேண்டும். கலையே இந்த நடையில்தான் இருக்கிறது. வேகமாக நடந்தால் அவர் கூப்பிடுவது காதில் விழாது. ரொம்ப மெதுவாக நடந்தால் நடிப்பு என்று தெரிந்துவிடும். திரும்பிப் பார்ப்பது மகா பாவம். "சார், சார், வாங்க சார், உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம்" என்ற குரல் முதுகில் வந்து விழும் வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு வந்த பிறகு இந்தக் கலை துருப்பிடித்துக் கிடந்தது. இங்கே தக்காளியின் மீதே விலையை ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு தடவை கார் வாங்கப் போன இடத்தில் பழைய பழக்கத்தில் எழுந்து நடந்தேன். விற்பனையாளர் டை தோளில் பறக்க, பார்க்கிங் லாட்டின் குறுக்கே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மனித சுபாவம் கடல் தாண்டினாலும் மாறாது என்று அன்றே முடிவு கட்டினேன். ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு உலகம் முழுவதற்கும் விதி எழுதுவது படித்தவர்களுக்கு மட்டும் கைவரும் திறமை.

இப்போது என் கையில் ஆயுதமும் இருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்த பெரிய பல்கலைக்கழகம் மகளுக்கு எஞ்சினியரிங்கில் இடமும், ஏறக்குறைய முழு உதவித்தொகையும் கொடுத்திருந்தது. அவளுக்கு அதில் துளி ஆசை இல்லை. பாட்லக் நண்பர்கள் சொல்லியிருக்கிறார்களே என்று விண்ணப்பித்தது. எனக்கு அது பக்கத்துக் கடை.

சந்திக்கக் குறித்த நாளன்று விடியற்காலையில் மகளும் நானும் கிளம்பினோம். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வாசலில் வந்து காரில் ஏறிய மகளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கல்லூரியின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட ஸ்வெட்ஷர்ட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டா பேரம் பேசறது?"

"வாட்ஸ் ராங் வித் இட்?"

"வாங்கறதுக்கு முன்னாடியே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து விலை கேட்டா எவனாவது குறைப்பானா?"

அவளுக்கு விளங்கவில்லை. வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்ளச் செய்தேன். தையல் பிரியெல்லாம் வெளியே தெரிய, எழுத்துகள் இடம் வலம் மாறிய நிழல் மாதிரி லேசாகப் புடைத்துக்கொண்டு தெரிந்தன. மீதி வழி முழுக்க அவளுக்குப் பாடம் எடுத்தேன். "அங்க நான்தான் பேசுவேன். நீ வாயைத் திறக்கக் கூடாது. வேலை போன விஷயத்தை மூச்சு விடாதே. அப்புறம், ரொம்ப ஆசையா இருக்கிற மாதிரி முகத்தை வெச்சுக்காதே."

"பட் அப்பா, ஐ லவ் திஸ் ப்ளேஸ்."

"அதைத்தான் சொல்ல வேணாங்கறேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நடைக் கட்டத்தைப் பற்றி மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. நான் எழுந்தால் அவளும் எழுந்து பின்னால் வருவாள் என்று எடுத்துக்கொண்டேன். சின்ன வயதில் தி.நகரில் என் அம்மாவின் பின்னால் நான் அப்படித்தான் ஓடினேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் மகள் வளர்ந்தது ரிச்சர்ட்சனில் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அலுவலகத்தில் எங்களைச் சந்தித்தவர் என்னைவிடச் சற்று மூத்த வெள்ளைக்காரப் பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, மேஜையில் ஒரு ஜாடி நிறைய மிட்டாய். கையைக் குலுக்கிவிட்டு, மகளின் ஸ்வெட்ஷர்ட்டைப் பார்த்தார். புடைத்திருந்த எழுத்துகளைக் கண்களால் படித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். லேசாகச் சிரித்துக்கொண்டார்.

உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "விண்ணப்பம் அனுப்பிய பிறகு உங்கள் குடும்பத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா?"

"ஒன்றும் இல்லை. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டார். உடல்நலக் குறைவு, வேலை, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் செலவு, எதுவானாலும் சொல்லலாம் என்றார். பக்கத்தில் மகளின் முழங்கால் ஆடத் தொடங்கியதைப் பார்த்தேன். "கடவுள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை" என்று இன்னும் உரக்கச் சொன்னேன். பிறகு கோட்டைச் சரி செய்துகொண்டு பக்கத்துக் கடையின் விலையை, அதாவது அந்தப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தை, எடுத்து வைத்தேன்.

அந்த அம்மாள் அதைப் படித்தார். முகம் மலர்ந்தது. மகளின் பக்கம் திரும்பி, "எவ்வளவு நல்ல வாய்ப்பு! வாழ்த்துகள்" என்றார்.

எனக்கு முதல் அதிர்ச்சி அதுதான். எந்தக் கடைக்காரர் பக்கத்துக் கடைச் சரக்கைப் பாராட்டுவார்? இவர் என்னைவிடப் பெரிய ஆட்டக்காரர் என்று முடிவு செய்தேன். நீங்கள் எவ்வளவு தர முடியும் என்று நேராகவே கேட்டேன். மற்றக் கல்லூரிகளோடு போட்டி போட்டு உதவித்தொகை தருவது எங்கள் வழக்கமில்லை என்று மிகவும் தன்மையாகச் சொன்னார்.

சரி, கடைசிக் கட்டம் வந்துவிட்டது. எழுந்தேன். "அப்படியென்றால் மன்னிக்க வேண்டும். நாங்கள் அங்கேயே போகிறோம்" என்றேன். குரலில் வருத்தம் கொஞ்சம், அலட்சியம் கொஞ்சம். இத்தனை வருடம் கழித்தும் கலவை சரியாகவே வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

நடைக்கூடத்தில் பழைய மாணவர்களின் கால்பந்துக் குழுப் படங்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்பது போல நடந்தேன். பின்னால் காலடி ஓசை இல்லை. மகள் வரவில்லை. ரொம்ப நல்லது, அந்த அம்மாள் அவளை நிறுத்திப் பேசுகிறார் என்று புரிந்துகொண்டேன். கட்டடத்தை விட்டு வெளியே வந்து, புல்வெளியைத் தாண்டி, கார் வரைக்கும் வந்துவிட்டேன். சாவியைத் தேடுவது போலப் பாக்கெட் பாக்கெட்டாகத் தடவினேன். அதுவும் நம் முறையில் சேர்த்தி.

கதவு திறந்து மகள் வந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் யார் ஓடி வருகிறார்கள் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"ஷி வாஸ் ரியலி நைஸ், அப்பா."

"அது கிடக்கட்டும். எவ்வளவு ஏத்தினாங்க?"

"எதை?"

"ஏம்மா, உதவித்தொகையை!"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்பா, ஐ சைன்ட் த கார்ட்."

எந்தக் கார்டு என்று கேட்டேன். சேருகிறேன், சேரவில்லை என்று இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் குறியிட்டு அனுப்ப வேண்டிய அட்டை. இடம் கிடைத்த அன்றே பெயரையும் முகவரியையும் தன் அழகான கையெழுத்தில் எழுதி, குறியை மட்டும் போடாமல் ஃபைலில் வைத்திருந்தாள். அதை எடுத்து, சேரவில்லை என்ற கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"நீங்கதானே சொன்னீங்க? அங்கேயே போறோம்னு."

"அது சும்மா சொன்னது!"

"சும்மாவா?" அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "யூ வாக்ட் அவுட்!"

எப்போதோ கையில் எடுத்திருந்த சாவி கீழே விழுந்ததை அது தரையில் பட்ட சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். கோபமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை. மகள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். என் தோளைத் தொட்டாள். வீட்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் தொடுவது மாதிரியே தொட்டாள்.

"இட்ஸ் ஓகே, அப்பா. நம்மால முடியாதுன்னு எனக்குத் தெரியும். எஞ்சினியரிங் இஸ் ஃபைன். ரெண்டு நாள் யோசிச்சுட்டுச் சொல்லுன்னுதான் அவங்க சொன்னாங்க. ஐ செட் நோ. திரும்ப நீங்க இங்க வந்து கேக்க வேணாம்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வேலை விஷயம் நான் சொல்லலை. யூ டோல்ட் மீ நாட் டு" என்றாள்.

இதைப் பெருமையாகச் சொன்னாள். சொன்ன வேலையைச் சரியாகச் செய்து முடித்த பிள்ளையின் பெருமை. உட்கார இடம் தேடினேன். இல்லாததால் நின்றேன்.

அப்பாவுக்கு அவமானமாக இருக்கிறது, கேட்க முடியாமல் எழுந்து போய்விட்டார், இனி இவரை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். கதவுக்கு வெளியே நான் கால்பந்துப் படங்களைப் பார்த்துக்கொண்டு நடை பயின்ற அந்த நேரத்தில், உள்ளே உட்கார்ந்து தன் ஆசையை ஒரு குறியால் முடித்துக் கொடுத்திருக்கிறாள்.

ஓடினேன். கோட்டும் டையுமாக, நடுத்தர வயதில், தொப்பையோடு, புல்வெளியின் குறுக்கே ஓடினேன். பேரம் பேசத் தெரிந்தவன் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். விலகிப் போன கடைக்குத் தானாகத் திரும்பி வருவது. கூப்பிடாமல் வந்தவனுக்குச் சொன்னதைவிட விலை கூடும். ஆனால் அப்போது எனக்கு விலை நினைவில்லை.

அறை காலியாக இருந்தது. மேஜையில் மிட்டாய் ஜாடி மட்டும். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டேன். இப்போதுதான் சேர்க்கை அலுவலகத்துக்குப் போனார், வெயிட்டிங் லிஸ்ட் பிள்ளைகளுக்கு இன்று போன் பண்ணுகிறார்கள், அதனால் கையோடு ஓர் அட்டையைக் கொடுக்கப் போயிருக்கிறார் என்று சொன்னாள். நீரூற்றுக்கு அந்தப் பக்கம் செங்கல் கட்டடம் என்று கையைக் காட்டினாள்.

மறுபடி ஓட்டம். நீரூற்றைச் சுற்றியபோது அந்த அம்மாள் எதிரே நடந்து வருவதைப் பார்த்தேன். கைகள் வெறுமையாக இருந்தன. "மேடம்! மேடம்!" என்று கத்தினேன். புல்லில் படுத்துப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தலையைத் தூக்கினார்கள். அந்த அம்மாள் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். குடையையோ எதையோ மறந்து விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றேன். என்ன சொல்வது என்று ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை. வாயில் வந்தது இதுதான். "எனக்கு வேலை இல்லை. பிப்ரவரியிலிருந்து இல்லை."

வீட்டுக்கு வெளியே நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் நீரூற்றுக்குப் பக்கத்தில், பத்துப் பதினைந்து பேர் பார்க்க, உரத்த குரலில். பின்னால் ஓடி வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த அம்மாள் இரக்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. "உங்களிடம் இரண்டு தடவை கேட்டேனே!" என்றார். "மறுபரிசீலனை என்பதே அதற்காகத்தான். வேலை போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேறு எதற்காக வந்தீர்கள்?"

பேரம் பேச வந்தேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சீட்டைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்து நான் மறைத்த ஒரே விஷயம்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே விஷயம் என்பது அந்த வெயிலில் மெல்ல மெல்ல மண்டைக்குள் இறங்கியது.

அவர் வந்த வழியே திரும்பி நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். செங்கல் கட்டடத்துக்குள் ஓர் இளைஞர் காதில் போனை வைத்து யாருக்கோ எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே இருந்த கம்பித் தட்டில் என் மகளின் அட்டை மேலாகவே கிடந்தது. இன்னும் யாரும் தொடவில்லை. அந்த அம்மாள் அதை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தாண்டி மகளிடம் கொடுத்தார்.

"இது உன் முடிவா?" என்று அவளிடம் கேட்டார்.

மகள் பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, இல்லை, எனக்கு இங்கேதான் படிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதற்குப் பிறகு அழுதாள். அதுவரை அழவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பவும் அவர் அறைக்குப் போனோம். வாசலில் நின்று, "நீங்கள் இங்கே உட்காருங்கள். உங்கள் மகளோடு பேசிக்கொள்கிறேன்" என்று எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். கதவு மூடியது. நான் கால்பந்துக் குழுப் படங்களின் கீழே உட்கார்ந்தேன். உள்ளே மகள் எல்லாவற்றையும் சொன்னாளாம். வேலை போனது, அம்மாவின் சம்பளம், ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் எதையும் விடவில்லை. எங்கள் குடும்பத்தின் நிலைமையை நான் மறைத்ததைவிட அவள் சொன்னது எவ்வளவோ கௌரவமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கதவு மூடியிருந்ததால் எனக்கு உறுதியாகத் தெரியாது.

என்னென்ன சான்றுகள் அனுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். சேருவதைப் பற்றி முடிவு சொல்லக் கூடுதல் அவகாசமும் கொடுத்திருந்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மாள் எனக்கு ஒன்றைத் தெளிவுபடுத்தினார். உதவித்தொகையைக் கூட்டவோ குறைக்கவோ தனக்கு அதிகாரம் கிடையாது, அதை ஒரு குழுதான் தீர்மானிக்கும், தன் வேலை விவரத்தைக் கேட்டு எழுதி அனுப்புவது மட்டும் என்றார். கல்லாப் பக்கமே போகாத ஒருவரிடம்தான் நான் என் முழு வித்தையையும் காட்டியிருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் பாதி தூரத்தில் மகள் கேட்டாள். "சோ, நானும் எந்திரிச்சு வந்திருக்கணுமா?"

"ஆமாம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க நம்மளக் கூப்பிடுவாங்க."

"ஒய்?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே மாதம் போகப் போக நல்ல செய்தி வந்தது. கூடுதல் உதவி, கொஞ்சம் கடன், துறையின் ஆய்வுக்கூடத்தில் வாரத்தில் சில மணி நேரம் பாறை மாதிரிகளைக் கழுவி அடுக்கும் வேலை என்று எல்லாம் சேர்ந்து ஒப்பேறியது. மகள் அங்கேயே படித்தாள். இப்போதும் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

ஆனாலும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் திக்கென்று இருப்பது இடம் போகப் பார்த்தது அல்ல. எவ்வளவு நிதானமாக அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள் என்பதுதான். என் வறட்டுக் கௌரவத்தைக் காப்பாற்றுவது தன் படிப்பைவிட முக்கியம் என்று ஒரு பிள்ளை முடிவு செய்யும் அளவுக்கு, அதை நான் வீட்டில் அவ்வளவு பெரிதாக வளர்த்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு யார் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாலும், இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த பாட்லக்கிலேயே அப்படிச் சொன்னேன். புளியோதரை நண்பர் என்னைத் தனியே அழைத்துப் போய், எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று விசாரித்தார். அவர் பையனுக்கு அடுத்த வருடம் கல்லூரி.

கல்லூரிக்குப் போன அன்று இரவு வீடு வந்து சேர்ந்ததும் மனைவியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கோபித்துக்கொள்வாள், குறைந்தது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். என் மாமனார் ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, எங்கப்பா கடையில பேரம் படியாம எந்திரிச்சுப் போறவங்கள அவரு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாருங்க. சாயம் போற சேலையா இருந்தா மட்டுந்தான் வாசல் வரைக்கும் ஓடிப் போய்க் கூப்பிடுவாரு."